மாசி, பங்குனியில் கண்மாய்ப் பறவைகள்: கேள்வி பதில்

வடக்கே திரும்பும் வலசைப் பறவைகளைப் பற்றி மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்து வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

ஆனையூர்: சார், தை மாசத்தோட பறவை சீசன் முடிஞ்சுதுன்னு சொல்றாங்க. இனிமே கண்மாய்க்குப் போய் என்ன இருக்கப்போகுது?

முடியவில்லை. பாதிதான் ஆகியிருக்கிறது. ஐப்பசியில் வந்த பறவைகள் மாசி தொடங்கிச் சித்திரை வரைக்கும் ஒவ்வொன்றாகக் கிளம்பும். பகல் நீள்வதை உடம்பு உணர்ந்ததும் அவற்றுக்குப் பசி கூடும், கொழுப்பு சேரும், இறகும் மாறும். தையில் சாம்பல் பூசினாற்போல் இருந்த பறவை பங்குனியில் இனப்பெருக்க நிறத்துக்கு வந்துவிடும். அதனால் இனம் பிரிக்கப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல காலம் இல்லை.

புறப்படும் வரிசை தோராயமாக இப்படி இருக்கும். ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் பிப்ரவரிக் கடைசியிலேயே குறையத் தொடங்கும். நீலச்சிறகி வாத்து ஏப்ரல் வரை நிற்கும். உள்ளான் வகைகள் மார்ச், ஏப்ரலில் போகும். மஞ்சள் வாலாட்டி, தகைவிலான், சோளக்குருவி மூன்றும் ஏப்ரலில். பழுப்புக் கீச்சான், ஆறுமணிக்குருவி, வேலிப் புதரில் ‘டக், டக்’ என்று சத்தம் போடும் பிளித் நாணல் கதிர்க்குருவி ஆகியவை ஏப்ரல் பின்பாதியிலும் கண்ணில் படும்.

பறவை வந்த தேதியை எல்லோரும் குறித்து வைக்கிறார்கள், போன தேதியைக் குறிக்க ஆள் இல்லை. முதல் தேதி ஒருநாள் பார்த்தாலே கிடைத்துவிடும். கடைசித் தேதி அப்படிக் கிடைக்காது. பறவை இல்லாத நாட்களிலும் போய் ‘இல்லை’ என்று எழுதினால்தான் அது கடைசித் தேதி என்று சொல்ல முடியும்.

வில்லாபுரம்: சாமநத்தம் கண்மாயில் சேற்று ஓரமா நிக்கிற உள்ளான் எல்லாமே எனக்கு ஒரே மாதிரி தெரியுது. எதை வச்சுப் பிரிக்கிறது அண்ணே?

நிறத்தை முதலில் பார்க்காதீர்கள் தம்பி, குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. உடல் அளவு, அலகு, கால், பறக்கும்போது முதுகு, குரல் என்ற வரிசையில் போங்கள். அளவுக்குப் பக்கத்தில் நிற்கும் நெடுங்கால் உள்ளானை வைத்துக்கொள்ளுங்கள். சிவப்புக் கால், கறுப்பு இறக்கை, எல்லாக் கண்மாயிலும் இருக்கும்.

சேற்றில் அதிகமாக நிற்பது பெரும்பாலும் பொரி உள்ளான். முதுகு முழுக்க வெள்ளைப் பொரி தூவினாற்போல் இருக்கும். வெள்ளைப் புருவம் கண்ணைத் தாண்டிப் பின்னால் நீளும். கால் மஞ்சள் கலந்த பச்சை. எழுந்து பறந்தால் ‘சிஃப்-இஃப்-இஃப்’ என்று கத்தும்.

அதோடு குழம்புவது கிரீன் சாண்ட்பைப்பர். இது கூட்டமாக நிற்காது. மடைக்குழி, வாய்க்கால் போன்ற ஒடுங்கிய இடத்தில் ஒன்றிரண்டாக இருக்கும். முதுகு கருமை, பொரி குறைவு, புருவம் கண்ணோடு நின்றுவிடும். பறக்கும்போது இறக்கையின் அடிப்பக்கம் கறுப்பாகவும் பிட்டம் பளீர் வெள்ளையாகவும் தெரியும். பொரி உள்ளானுக்கு இறக்கையின் அடி வெளிறி இருக்கும். இந்த ஒரு அடையாளம் போதும்.

பின்பக்கத்தை ஓயாமல் ஆட்டிக்கொண்டு கல்மேல் ஓடுவது காமன் சாண்ட்பைப்பர். நெஞ்சின் வெள்ளை, தோளுக்கு முன்னால் ஆப்பு அடித்தாற்போல் மேலேறும். தண்ணீரை ஒட்டித் தாழ, இறக்கையை விறைப்பாக வைத்து வெடுக்வெடுக்கென்று பறக்கும்.

கால் நீண்டவற்றில் பச்சைக்காலிக்கு அலகு தடித்து, நுனி லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். குரல் கணீரென்று மூன்று முறை, ‘டியூ டியூ டியூ’. மார்ஷ் சாண்ட்பைப்பர் அதன் மெலிந்த தம்பி மாதிரி இருக்கும். அலகு நேராக, தையல் ஊசிபோல் இருக்கும். இரண்டும் பக்கத்தில் நின்றால் சந்தேகமே வராது. தனியாக நிற்கும்போது அலகின் தடிமனைப் பார்த்த பிறகே பெயர் எழுதுங்கள்.

மிகச் சிறியது கொசு உள்ளான், கால் கறுப்பு. அதே அளவில் கால் மஞ்சளாக, முதுகு ஒரே பழுப்பாக இருந்தால் டெமிங்க் ஸ்டின்ட். சேறு காலில் ஒட்டி நிறத்தை மறைப்பதால் இங்கே தவறு அதிகம் நடக்கிறது. பறவை தண்ணீரில் இறங்கிக் கால் கழுவப்படும் வரை காத்திருங்கள்.

அப்படியும் பிரியாவிட்டால் ‘உள்ளான், இனம் தெரியவில்லை’ என்று எழுதுங்கள். ஊகத்தில் எழுதிய பெயரைவிட அந்தப் பதிவு பயனுள்ளது.

ஊமச்சிகுளம்: பெண் நீலச்சிறகிக்கும் பெண் கிளுவை வாத்துக்கும் என்ன வித்தியாசம்?

முகம். நீலச்சிறகிக்குக் கண்ணின் மேலும் கீழும் வெளிர்க் கோடுகள் அழுத்தமாக இருக்கும், அலகின் அடியில் ஒரு வெளிர்ப் புள்ளியும் உண்டு. கிளுவைக்கு முகம் வெறுமையாக இருக்கும், வால் ஓரத்தில் மட்டும் வெளிர்க் கீற்று தெரியும். ஆண் நீலச்சிறகியை அரை கிலோமீட்டர் தூரத்திலிருந்தும் அதன் வெள்ளைப் புருவத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

பரவை: எங்க ஊர்ப் பக்கம் கண்மாய் நிறையத் தண்ணி கிடக்குது. ஆனா ஒரு உள்ளானைக்கூடக் காணோம். ஏன் சார்?

தண்ணீர் நிறைய இருப்பதால்தான். உள்ளானுக்கு நீந்தத் தெரிந்தாலும் இரை எடுப்பது சேற்றிலும், கணுக்கால் அளவு தண்ணீரிலும்தான். பங்குனியில் மடை திறந்து நீர் இறங்க இறங்க, உள்வாய்ப் பக்கம் வண்டல் வெளிப்படும். புழு, பூச்சிகள் மேலே வருவது அங்கேதான். முழுக்க நிறைந்த கண்மாயில் முக்குளிப்பான், நீர்க்காகம், மீசை ஆலா ஆகியவற்றைத் தேடுங்கள். மீசை ஆலா தையில் வெளுத்திருக்கும். ஏப்ரலில் தொப்பி கறுத்து, வயிறு கருஞ்சாம்பலாகி, கன்னத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். பெயருக்குக் காரணம் அப்போது புரியும்.

ஆகாயத்தாமரை மூடிய கண்மாயில் சேறும் இல்லை, திறந்த நீரும் இல்லை. அங்கே தாழைக்கோழி, நீலத்தாழைக்கோழி போன்றவை மட்டும் மிஞ்சும்.

எங்கே நிற்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் நிலம் பெரும்பாலும் கிழக்கு, தென்கிழக்காகச் சரிவதால் கண்மாய்க் கரையும் அந்தப் பக்கம்தான் இருக்கும். காலையில் கரைமேல் நின்று மேற்கே பார்த்தால் வெயில் முதுகுக்குப் பின்னால் விழும், நிறம் சரியாகத் தெரியும். மாலையில் அதே இடத்தில் நின்றால் எல்லாப் பறவையும் கறுப்புதான். மார்ச் நடுவில் 6:20 வாக்கில் சூரியன் வந்துவிடும். 6 மணிக்குக் கரையில் இருங்கள். 9 மணிக்கு மேல் கானல் ஆடத் தொடங்கினால் தூரத்துப் பறவையின் கால் நிறத்தை எந்தப் பைனாகுலரிலும் நம்பக் கூடாது.

மேலூர்: கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் ஆஸ்திரேலியாவிலிருந்து வருதுன்னு ஊர்ல சொல்றாங்க. உண்மையா?

இல்லைங்க. இரண்டும் நம் நாட்டுப் பறவைகளே. தெற்கே கூந்தன்குளத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. தண்ணீரும் மீனும் இருக்கும் இடம் தேடி மாவட்டம் விட்டு மாவட்டம் போகும், அவ்வளவுதான். நத்தைகுத்தி நாரையும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே. உண்மையான தொலைதூரப் பயணிகள் நாம் கவனிக்காமல் விடும் சின்னப் பறவைகள். கையளவு கொசு உள்ளான் ஆர்க்டிக் கரை வரை போகிறது. பெரிய பறவை என்றால் வெளிநாடு என்ற எண்ணம் எப்படியோ வேரூன்றிவிட்டது. பிள்ளைகளுக்காவது சரியாகச் சொல்லிக்கொடுங்கள்.

திருமங்கலம்: சாயங்காலம் சோளக்குருவிக் கூட்டம் மேகம் மாதிரி வந்து சீமைக்கருவேலத்துல அடையுது. ஆயிரமா, பத்தாயிரமான்னே சொல்ல முடியலை. எப்படி எண்ணுறது?

அடையும் இடத்தில் எண்ண முயலாதீர்கள். அங்கே கூட்டம் சுழன்று சுழன்று வருவதால் ஒரே பறவையை மூன்று முறை எண்ணிவிடுவோம். கூட்டம் வரும் வழியில் எண்ணுங்கள்.

சூரியன் மறைவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே போய்விடுங்கள். மார்ச்சில் மாலை 5:45 சரியாக இருக்கும். அடையும் மரத்திலிருந்து 200, 300 மீட்டர் தள்ளி நில்லுங்கள். ஒரு பனைமரத்தையோ மின்கம்பத்தையோ கோடாக வைத்து, அதைத் தாண்டி உள்ளே போகும் பறவைகளை மட்டும் கணக்கில் எடுங்கள். முதல் சிறு கூட்டத்தில் 20 பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அந்த இருபது வானத்தில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் பதியுங்கள். பிறகு வரும் கூட்டத்தை அந்த அளவால் மரக்கால் போட்டு அளப்பதுபோல் அளந்து, இருபது, நாற்பது, அறுபது என்று போங்கள். கூட்டம் பெரிதானால் அளவை 100 ஆக்குங்கள். இரண்டு திசையிலிருந்து வந்தால் ஆளுக்கொரு திசை. ஒருவர் எண்ண, ஒருவர் எழுத வேண்டும். எண்ணுகிறவர் நோட்டைப் பார்த்தால் கணக்கு போயிற்று. இருட்டும் வரை, கிட்டத்தட்ட 6:40 வரை நில்லுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில்தான் பெருங்கூட்டம் வரும்.

பெரிய கூட்டத்தை நம் கண் எப்போதும் குறைத்தே மதிப்பிடும். செல்போனில் ஒரு படம் எடுத்து, வீட்டில் கட்டம் போட்டு எண்ணி, உங்கள் கணக்கோடு ஒப்பிடுங்கள். நாலைந்து மாலையில் கை பழகிவிடும். நாட்டு மைனாவும் அதே மரத்தில் அடையும், கழித்துக்கொள்ளுங்கள்.

இப்போது அதன் ரோஜா நிறம் ஏறுவதைக் கவனியுங்கள். இறகு நுனியின் பழுப்பு விளிம்பு தேய்ந்து உதிர்வதால் அடியில் இருந்த நிறம் வெளிப்படுகிறது. ஆலும் அரசும் பழுத்திருந்தால் பகலில் அங்கேயே பக்கத்தில் பார்க்கலாம்.

கே.கே.நகர்: போன புரட்டாசியில ஒரு ஆறுமணிக்குருவி வீட்டுக்குள்ள வந்து ஜன்னல்ல மோதி விழுந்துச்சு. திரும்பிப் போறப்பவும் அப்படி வருமா? என்ன செய்யணும்?

வரலாம் அம்மா. இரவில் பயணம் போகும் பறவை, விடியலில் களைத்து ஊருக்குள் இறங்கும். புரட்டாசி, ஐப்பசியில் தெற்கே வரும்போது அதிகம், சித்திரையில் மத்திய இந்தியாவுக்கும் இமயமலை அடிவாரத்துக்கும் திரும்பும்போது குறைவு.

மோதி விழுந்தால் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி போதும். காற்றுக்கு நாலைந்து ஓட்டை, அடியில் ஒரு பருத்தித் துணி. பறவையைத் துணியால் மெல்ல மூடி எடுத்து உள்ளே விட்டு மூடி, பூனை வராத இருட்டு அறையில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. மூச்சுக்குழலுக்குள் போனால் அதுவே கொன்றுவிடும். சோறு, பிஸ்கட்டும் வேண்டாம். ஒன்று, இரண்டு மணி நேரம் திறந்து பார்க்காமல் இருங்கள். உள்ளே அசையும் சத்தம் கேட்டால், புதரும் சருகும் உள்ள இடத்தில் பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள். மேலே தூக்கி எறியாதீர்கள். இறக்கை தொங்கினாலோ தலை சாய்ந்தே இருந்தாலோ வனத்துறைக்குச் சொல்லுங்கள். வீட்டில் வைத்து வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

ஒத்தக்கடை: அரிட்டாபட்டிப் பாறையில பார்த்த வல்லூறு வலசை வந்ததா, உள்ளூரா?

வயிற்றைப் பாருங்கள். செங்கல் நிறமாக, தலை முழுக்கக் கறுப்பாக இருந்தால் ஷாஹீன், அது உள்ளூர். அடிப்பக்கம் வெளிறி, குறுக்கே மெல்லிய கோடுகள் இருந்தால் வடக்கிலிருந்து வந்த பொரி வல்லூறு, சீக்கிரம் போய்விடும். ஷாஹீன் இந்த மாதங்களில் பாறை விளிம்பில் குஞ்சு வளர்க்கும். அரிட்டாபட்டி 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட 193 ஹெக்டேர் பகுதி. அங்கே பாறை உச்சிக்கு ஏறியோ டிரோன் விட்டோ படம் எடுக்க வேண்டாம். பறவை தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தினால் நீங்கள் கூட்டை நெருங்கிவிட்டீர்கள், உடனே இறங்குங்கள்.

அவனியாபுரம்: புது பைனாகுலர், 8x42. ரெண்டு கண்ணும் சேர மாட்டேங்குது, தலைவலிக்குது.

வலக்கண் வளையத்தைச் சரிசெய்யாமல் விட்டிருப்பீர்கள். முதலில் இரண்டு குழாயையும் மடக்கி விரித்து ஒரே வட்டமாகத் தெரியவையுங்கள். வலப்பக்கக் கண்ணாடியைக் கையால் மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி, தூரத்துப் பெயர்ப்பலகை எழுத்தை இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடப்பக்கத்தை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். வளையம் நின்ற இடத்தில் ஒரு பேனாக் கோடு போடுங்கள். மூக்குக்கண்ணாடி போடுகிறவர் கண் ரப்பரை உள்ளே இறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் இருட்டும். இதற்குப் பிறகும் இரட்டையாகத் தெரிந்தால் உள்ளே பட்டகம் நகர்ந்திருக்கிறது, கடையில் மாற்றிக்கொள்ளுங்கள்.

மாடக்குளம்: உள்ளான் காலில் கலர் பட்டை பார்த்தேன்.

அருமை. எந்தக் கால், முட்டிக்கு மேலா கீழா, மேலிருந்து கீழாக என்னென்ன நிறம், எழுத்து இருந்தால் அது, இவற்றை அங்கேயே எழுதுங்கள். வீட்டுக்கு வந்து எழுதினால் இடமும் வலமும் மாறிவிடும். இடம் என்பது பறவையின் இடம், உங்கள் இடம் அல்ல. தேதி, கண்மாய்ப் பெயர், மங்கலானாலும் ஒரு படம் சேர்த்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள். கோடியக்கரையில் பறவைகளுக்கு வளையம் மாட்டிவருகிறவர்கள் அவர்கள்தான். படத்துக்காகக் கூட்டத்தை எழுப்பாதீர்கள். பயணத்துக்குச் சேர்த்த கொழுப்பை ஒவ்வொரு முறை பதறி எழும்போதும் அது செலவழிக்கிறது. கரையில் ஆள்காட்டி முட்டையிட்டிருக்கும் காலமும் இதுதான், கூழாங்கல் தரையில் காலடியைப் பார்த்து வையுங்கள்.

சோழவந்தான்: கடைசித் தேதி எடுக்கணும்னா எத்தனை நாள் போகணும் சார்?

ஒரே கண்மாய், ஒரே கரை, ஒரே நேரம். வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த எல்லாப் பறவையையும் எண்ணிக்கையோடு எழுதுங்கள். இ-பேர்ட் செயலியில் ஏற்றும்போது ‘முழுப் பட்டியல்’ என்று குறித்தால்தான், எழுதாத பறவை அன்றைக்கு இல்லை என்று பொருள்படும். ஒரு இனம் தொடர்ந்து நான்கு முறை தென்படாவிட்டால் அதற்கு முந்தைய தேதியைக் கடைசியாகக் கொள்ளலாம். மே மாதத்தில் திடீரென்று ஒன்றிரண்டு உள்ளான் தெரிந்தால் உங்கள் கணக்கு தப்பு என்று நினைக்க வேண்டாம். முதலாண்டுக் குஞ்சுகளில் சில வடக்கே போகாமல் கோடையை இங்கேயே கழிக்கும். அவற்றைத் தனி வரியில் எழுதுங்கள்.