சட்டைப்பைக் காகிதமும் சொல்லப்படாத சித்தப்பாவும்

கேள்வி: என் மகன் பெங்களூரில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். சித்திரைத் திருவிழாவுக்கு வந்துவிட்டுப் போனான். அவன் துவைக்கப் போட்ட சட்டையின் பையில், வெள்ளித்தாளில் மடித்துப் படம் போட்ட சின்னக் காகிதங்கள் இரண்டு இருந்தன. என் அண்ணன் மகள் பார்த்துவிட்டு, “அத்தை, இது எல்.எஸ்.டி. ஸ்டாம்ப்” என்றாள். ஒருமுறை தொட்டவன் மீள மாட்டான், வரவழைத்துக் கட்டிவைத்து அடிக்க வேண்டும் என்கிறார் அண்ணன். கோடாங்கியிடம் கூட்டிப்போகலாம் என்கிறார் என் அம்மா. கணவருக்கு இன்னும் தெரியாது. காகிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அழுதுவிடுவேன் என்று பயந்து, இரண்டு வாரமாக மகன் போன் செய்தாலும் எடுப்பதில்லை. இவனும் இவன் சித்தப்பாவைப் போல ஆகிவிடுவானோ? (என் கொழுந்தனாருக்கு 22 வயதில் மனநிலை பாதித்தது. இப்போது அவர் உயிருடன் இல்லை. காய்ச்சலில் இறந்ததாகவே பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோம்.)
— ஒரு தாய், பேரையூர் வட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கும் அந்த மூன்று வரிகளைப் படித்துத்தான் நான் அதிகம் கவலைப்பட்டேன். மனநல மருத்துவராக எனக்கு அதுதான் கடிதத்தின் மையம். அதற்கு வருகிறேன். அதற்கு முன் அந்தக் காகிதம் என்னவென்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அது மை ஒற்றும் தாள் போன்றது. நகத்தளவுகூட இருக்காது. மேலே உள்ள படம் வெறும் அலங்காரம். எல்.எஸ்.டி. என்ற, இல்லாததை இருப்பதாகக் காட்டும் போதைமருந்தைக் கரைத்துத் தாளில் ஊற வைத்திருப்பார்கள். ஓர் அரிசி மணி ஏறத்தாழ 20 மில்லிகிராம் எடை இருக்கும். அந்த எடைக்கு எல்.எஸ்.டி. இருந்தால் இருநூறு பேருக்குப் போதும். ஒருவருக்கு 100 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு கணக்கு.

உங்கள் பக்கத்தில் கம்பு விதைக்கிறவர்களுக்குத் தேன் ஒழுகல் நோய் தெரிந்திருக்கும். கதிரில் பிசின் போல ஒழுகி, பிறகு மணி இருக்க வேண்டிய இடத்தில் கறுத்த கட்டி வளரும். விதையை உப்புத் தண்ணீரில் கொட்டி, மிதக்கிற கட்டிகளை அரித்து எறிந்துவிட்டு விதைப்பார்கள். ஐரோப்பாவின் ரை என்ற தானியத்தில் அதே இனத்துப் பூஞ்சை ஒன்று வரும். அந்த மாவில் சுட்ட ரொட்டியைத் தின்று கைகால் கருகி மாண்டவர்கள் உண்டு. பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கை நிறுத்தும் மருந்தும் அதே பூஞ்சையிலிருந்து கிடைத்ததுதான். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், சாண்டோஸ் நிறுவனத்தில், அதன் வேதிப்பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஆல்பர்ட் ஹாஃப்மன் 1938ல் எல்.எஸ்.டி.யை உருவாக்கினார். இரத்த ஓட்டத்தையும் மூச்சையும் தூண்டும் மருந்தைத் தேடியவர் அவர். பயன் தெரியாமல் அது ஐந்தாண்டு மூலையில் கிடந்தது.

1943 ஏப்ரல் 19 அன்று, 250 மைக்ரோகிராமைத் தண்ணீரில் கலந்து தானே குடித்துப் பார்த்தார். ஏதாவது விளைவு தெரியக்கூடிய மிகக் குறைந்த அளவு அதுதான் என்பது அவர் எண்ணம். சிறிது நேரத்தில் தெளிவாகப் பேசவே திணறினார். போர்க்காலம் என்பதால் கார் இல்லை. உதவியாளர் துணையோடு சைக்கிளில் வீட்டுக்குப் போனார். சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்பதாக அவருக்குத் தோன்றியது. வேகமாகத்தான் வந்தோம் என்றார் உதவியாளர். பால் கொண்டுவந்து கொடுத்த பக்கத்து வீட்டுப் பெண்மணி சூனியக்காரியாகத் தெரிந்தார். சாகப்போகிறோமோ, பைத்தியமாகிவிட்டோமோ என்று நடுங்கினார். வந்து பார்த்த மருத்துவருக்கு, விரிந்திருந்த கண்மணிகளைத் தவிர உடம்பில் ஒரு கோளாறும் தென்படவில்லை. மறுநாள் காலை தெளிந்து எழுந்தார்.

அளவை அறிந்தவர், தன் கையால் செய்த பொருளையே குடித்தவர், பக்கத்தில் துணை வைத்திருந்தவர். அவருக்கே இப்படி. உங்கள் மகனிடம் இருந்த தாளில் என்ன ஊறியிருக்கிறது என்பது விற்றவனுக்கே தெரியாமல் இருக்கலாம். எல்.எஸ்.டி. என்று சொல்லி என்-போம் என்ற வகைச் செயற்கைப் பொருள்களைத் தோய்த்து விற்பதுண்டு. அவற்றால் உயிர் போயிருக்கிறது.

எல்.எஸ்.டி. உட்கொண்ட அரை மணி அல்லது ஒரு மணி நேரத்தில் தொடங்கி, எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை நீடிக்கும். மூளையில் செரட்டோனின் என்ற இயற்கை வேதிப்பொருள் உட்கார வேண்டிய ஏற்பியில் (அதை ஏற்றுக்கொள்ளும் இடத்தில்) இது போய் உட்கார்ந்ததும், ஏற்பியின் ஒரு பகுதி மூடி போலக் கவிந்துகொள்வதை 2017ல் கண்டறிந்தார்கள். எளிதில் இறங்காததற்கு அது ஒரு காரணம். ஆனால் சாராயத்தையோ ஹெராயினையோ போல உடல் இதற்கு அடிமையாவதில்லை. எனவே உங்கள் அண்ணன் சொல்வது சரியல்ல. அதை மகனிடம் சொல்லவும் வேண்டாம். அவன் நண்பர்களில் நாலு பேர் தொட்டுவிட்டு நன்றாக இருப்பதைப் பார்த்திருப்பான். நீங்கள் அடுத்துச் சொல்லும் உண்மையையும் சேர்த்துத் தள்ளிவிடுவான்.

இந்தப் பொருளுக்கு மிகையாகவே பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். 1947ல் மனநல மருத்துவர்களுக்கு மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1953 முதல் அமெரிக்க உளவுத்துறை, விவரம் சொல்லாமலே மனிதர்களுக்குக் கொடுத்துச் சோதித்தது. இதன் வரலாற்றில் எனக்கு மிகவும் வலிக்கிற பக்கம் அது. 1963ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்ட டிமோத்தி லியரி, ஞானத்தின் வாசல் என்பதுபோல் இதைப் பரப்பினார். 1966ல் கலிஃபோர்னியா தடை செய்தது. பிறகு உலகமே தடை செய்தது. 2024ல், தீராத மனப்பதற்றத்துக்கு இதை மருந்தாக்கும் முயற்சிக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு முன்னுரிமைத் தகுதி கொடுத்திருக்கிறது. உங்கள் மகன் இதைப் படித்துவிட்டு “இது மருந்தாம்மா” என்று சொல்லக்கூடும். அந்த ஆய்வுகளில் ஆட்களைத் தேர்ந்தெடுத்து, மருத்துவர் கண்காணிக்கத்தான் கொடுக்கிறார்கள். நெருங்கிய இரத்த உறவில் மனச்சிதைவு உள்ளவர்களைப் பொதுவாகச் சேர்ப்பதே இல்லை.

நான் அடைப்புக்குறியைக் கண்டு பதறியது இதனால்தான். மனச்சிதைவு பெரும்பாலும் தலைகாட்டுவது பதினெட்டுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட வயதில். குடும்பத்தில் அதன் விதை இருக்கிறவர்களுக்கு எல்.எஸ்.டி. அதைக் கிளப்பிவிடக்கூடும். சித்தப்பாவுக்கு வந்ததால் இவனுக்கும் வந்தே தீரும் என்று அர்த்தமில்லை. ஆனால் நண்பர்களுக்கு இல்லாத ஓர் ஆபத்து இவனுக்கு இருக்கிறது. அது அவனுக்கே தெரியாது. நீங்கள் மறைத்துவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. நம் பக்கத்தில் பெண் கொடுக்க மாட்டார்கள், எடுக்க மாட்டார்கள் என்று எத்தனையோ வீடுகளில் இப்படித்தான் மூடி வைத்திருக்கிறார்கள். ஆனால் இனி மூடக் கூடாது. முதலில் உங்கள் கணவரிடம் பேசுங்கள். இறந்தவர் அவருடைய தம்பி. மகனிடம் சொல்ல வேண்டியவர் அவர். எந்த வயதில் தொடங்கியது, தூக்கம் எப்படிப் போனது, யாரைச் சந்தேகப்பட்டார் என்று நடந்ததை நடந்தபடி சொல்லட்டும். கொழுந்தனாரின் புகைப்படம் இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள்.

அடி வேண்டாம். கோடாங்கியிடம் போய்த் திருநீறு பூசிக்கொள்வதில் உங்கள் அம்மாவுக்கு நிம்மதி என்றால் நான் தடுக்க மாட்டேன். கட்டுவது, அடிப்பது, பட்டினி போடுவது கூடவே கூடாது. காகிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கழிப்பறைத் தண்ணீரில் விட்டுவிடுங்கள். நம் நாட்டுச் சட்டப்படி எல்.எஸ்.டி. 2 மில்லிகிராம் வரையிலான சிறிய அளவுக்கே ஓராண்டு வரை சிறை உண்டு, 100 மில்லிகிராம் என்ற வணிக அளவை எட்டினால் குறைந்தது பத்தாண்டு என்பதையும் மகனிடம் ஒருமுறை சொல்லுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞனை விடியற்காலையில் என்னிடம் கூட்டிவந்தார்கள். இரவில் தெப்பக்குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவனுக்குத் தண்ணீர் சிமெண்ட் தரையாகத் தெரிந்திருக்கிறது. நடு மண்டபம் பத்தடித் தூரத்தில். எழுந்து நடக்கப் போனவனை நண்பன் காலரைப் பிடித்து இழுத்திருக்கிறான். காலர் தையல் விட்டு, இரண்டு பொத்தான்கள் போயிருந்தன. அந்தக் கிழிந்த காலர் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வீட்டுக்கு ஏன் போன் செய்யவில்லை என்று கேட்டேன். “அப்பா கொன்றுவிடுவார்” என்றான்.

உங்கள் மகன் அப்படிச் சொல்கிற நிலை வரக் கூடாது. எந்த நேரத்திலும் கூப்பிடலாம் என்று அவனிடம் சொல்லிவையுங்கள். அப்படி ஒரு நாள் அழைத்தால் கத்தாதீர்கள். “மருந்தின் வேகம், இறங்கிவிடும், நான் போனை வைக்க மாட்டேன்” என்று தணிந்த குரலில் பேசிக்கொண்டே இருங்கள். வலிப்பு, கடும் காய்ச்சல், மயக்கம் என்றால் 108க்கு அழைக்கச் சொல்லுங்கள். மருந்தின் வேகம் இறங்கிச் சில நாட்கள் ஆகியும் தூக்கமில்லாமல், யாரோ பேசுவதாகச் சொன்னால் காத்திருக்காமல் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். பெங்களூரிலிருந்தே 14416ல் டெலி மனஸ் ஆலோசகரிடம் அவன் தமிழில் பேசலாம்.

இதைப் படித்ததும் இன்றைக்கே அவனுக்குப் போன் செய்யுங்கள். காகிதத்தைப் பற்றி இன்று பேச வேண்டாம். சாப்பிட்டானா என்று கேளுங்கள். இரண்டு வாரமாக அம்மா ஏன் போனை எடுக்கவில்லை என்று தெரியாமல் அவனும் அங்கே தவித்துக்கொண்டிருப்பான்.