தரங்கம்பாடிக்குப் போகலாம், கடவுச்சீட்டைக் கொடுக்காமல்

கேள்வி: நான் மட்டக்களப்பு கல்லடியில் ஆசிரியையாக இருக்கிறேன். டிசம்பர் விடுமுறையில் அம்மாவுக்குத் தமிழ்நாட்டுக் கரையிலுள்ள தரங்கம்பாடியைக் காட்ட விருப்பம். காங்கேசன்துறையிலிருந்து கப்பலில் போக நினைக்கிறோம். எல்லாவற்றையும் செய்து தருவதாகச் சொல்லும் ஒரு முகவர், இரண்டு கடவுச்சீட்டுகளையும் முழுப் பணத்தையும் இப்போதே கேட்கிறார். அம்மா 1990இல் படகில் இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் இருந்துவிட்டு 1993இல் திரும்பியவர். அதைப் படிவத்தில் எழுதவே கூடாது என்கிறார் முகவர். என்ன செய்யலாம்?

பதில்: மகள், கடவுச்சீட்டை இன்னும் கொடுக்கவில்லை என்றால் மிச்சத்தை ஆறுதலாகப் பேசலாம். கொடுத்திருந்தால் இதை மடித்து வைத்துவிட்டு, முதலில் போய் வாங்கி வாருங்கள். இந்தியாவுக்கான இ-வீசாவுக்கு, அதாவது இணையத்தில் எடுக்கும் வீசாவுக்கு, விண்ணப்பிக்கக் கடவுச்சீட்டுப் புத்தகத்தை யாரிடமும் கொடுக்கத் தேவையில்லை. படமுள்ள பக்கத்தின் பிரதியும் ஒரு புகைப்படமும் போதும். பிறகு ஏன் புத்தகத்தைக் கேட்கிறார்? புத்தகம் அவருடைய மேசை லாச்சியில் இருக்கும்வரை நீங்கள் வேறு ஆளிடம் போக முடியாது. "துறைமுக அனுமதி", "அவசரக் கட்டணம்" என்று ஒவ்வொன்றாகக் கேட்கும்போது கொடுத்துக்கொண்டே இருப்பீர்கள்.

இணையத்திலும் இதே தரகர்கள்தாம், சட்டைதான் வேறு. போன வருடம் ஆரையம்பதியிலிருந்து ஒரு பெரியவர் வண்ணத்தில் அச்சிட்ட தாளோடு வந்தார். மேலே சிங்க முத்திரை, நடுவில் தாஜ்மகால். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடியில் பார்த்தேன்: "நாங்கள் தனியார் நிறுவனம், அரசோடு தொடர்பில்லை" என்று எறும்பளவு எழுத்தில் இருந்தது. அசல் கட்டணத்தைப்போலப் பல மடங்கு கட்டியிருந்தார். இந்திய அரசின் முகவரி 'ஜிஓவி.இன்' என்றுதான் முடியும். வேறு எப்படி முடிந்தாலும் பக்கத்தை மூடுங்கள். தேடலில் முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரம். கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் எந்த வரியில் இருக்கிறதோ அதே வரியில்தான் படிவத்திலும் எழுத வேண்டும். நம் ஆட்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான்.

இன்னொன்று. இ-வீசாவோடு எல்லா வாசலாலும் நுழைய முடியாது. அதே அரசுத் தளத்தில் விமான நிலையங்கள், துறைமுகங்களின் பட்டியல் இருக்கிறது. நீங்கள் போய் இறங்கும் துறைமுகம் அதில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு காசைக் கட்டுங்கள். கப்பல் டிக்கெட்டும் வீசாவும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்வதில்லை. டிக்கெட்டை விற்பவருக்கு உங்கள் வீசாவைப் பற்றிக் கவலை கிடையாது.

டிசம்பர் வேண்டாம். நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபர் 14இல் கொடியசைத்துத் தொடங்கி, மழைக்காலம் என்று சில நாட்களிலேயே நின்றது. 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடி, நவம்பரில் மறுபடி நின்று, 2025 பெப்ரவரியில்தான் திரும்ப வந்தது. வாடைக் காற்றுக்கு நம் கல்லடிக் கடலில் தோணி இறங்காத நாட்களில் பாக்கு நீரிணையில் மட்டும் கடல் படிந்தா இருக்கும்? விமானத்தில் போகலாமே என்பீர்கள். போகலாம், ஆனால் அந்தக் கரைக்கும் நமக்கும் ஒரே மாரி. காவேரிக் கழிமுகம் வெள்ளக்காடாகக் கிடக்கும்போது தரங்கம்பாடிக் கோட்டையைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று அம்மாவை அழைத்துப் போகாதீர்கள். ஏப்ரல் விடுமுறைக்கு மாற்றுங்கள். வெயில்தான், ஆனாலும் கடல் ஒத்துழைக்கும். கடலைக் கடக்க ஏறக்குறைய நான்கு மணி நேரம், மட்டக்களப்பிலிருந்து காங்கேசன்துறைக்குப் போய்ச் சேர பஸ்ஸில் ஓர் இரவு. கிழக்கில் இருப்பவனும் பயணம் போவான் என்பது திட்டம் போட்டவர்களுக்குத் தோன்றவில்லை.

இனி அம்மாவின் விடயம். 'இதற்குமுன் இந்தியாவுக்கு வந்ததுண்டா' என்று படிவம் கேட்கும். 'ஆம்' என்றால் பழைய வீசா எண்ணைக் கேட்கும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இரவில் படகேறியவரிடம் வீசா எண் எங்கிருந்து வரும்? அந்தப் படிவத்தை வரைந்தவருக்கு அப்படியொரு மனிதர் இருப்பதே தெரியாது. ஆகவே 'இல்லை' என்று போடு என்கிறார் முகவர். அவருக்கென்ன, கையெழுத்து உங்கள் அம்மாவுடையது. முகாமில் பதிவு இருந்தது, குடும்ப அட்டை இருந்தது. பொய் பிடிபட்டால் மறுப்பு விழும். அடுத்த விண்ணப்பத்தில் 'முன்பு மறுக்கப்பட்டதா' என்ற கேள்விக்கும் பதில் எழுத வேண்டிவரும்.

அம்மாவுக்கு மட்டும் இ-வீசாவோடு மல்லுக்கட்ட வேண்டாம். கொழும்பு இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் வீசாப் பிரிவுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: எந்த மாதம் போனார், எந்த முகாம், எப்போது எவ்வழியாகத் திரும்பினார். 1992க்கும் 1995க்கும் இடையில் அரசுகளின் ஏற்பாட்டில் ஆயிரக்கணக்கானோர் திரும்பினார்கள். அந்தக் காலத்துத் துண்டு, முகாம் அட்டை, அங்கே படித்த பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் என்று எது மிஞ்சியிருந்தாலும் பிரதியெடுத்து இணையுங்கள். ஒன்றுமே இல்லையென்றால் அதையும் கடிதத்தில் எழுதுங்கள். பதில் வர நாளாகும். நான் ஏப்ரல் என்று சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

நாகபட்டினத்தில் இறங்கினால் தரங்கம்பாடி வடக்கே ஏறக்குறைய 35 கிலோமீற்றர். வழியில் நாகூர் தர்கா. கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசலைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தர்கா அந்நியமாகத் தெரியாது. அடுத்தது காரைக்கால், அது புதுச்சேரி ஆட்சி. "இங்கே போத்தல் மலிவு" என்று வண்டியை நிறுத்தும் சாரதியின் பேச்சைக் கேட்காதீர்கள், தமிழ்நாட்டு எல்லையில் சோதிப்பார்கள்.

கோட்டை டேனிஷ்காரர் 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்றுக் கட்டத் தொடங்கியது. அதே ஆண்டு அந்தக் கப்பல்காரர்கள் கண்டி அரசரோடு பேரம் பேச நம் கிழக்குக் கரைக்கும் வந்தார்கள் என்பதை அம்மாவிடம் சொல்லுங்கள். 1706இல் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டது இங்கேதான். 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் பலிபீடத்தின் முன் அடக்கமாகியிருக்கிறார். ஆலயம் பூட்டியிருந்தால் வாசலில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள், பக்கத்தில் விசாரித்தால் திறப்பு வைத்திருப்பவரைக் காட்டுவார்கள். கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில், 1306இல் எழுந்தது. அதன் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. மாலை நான்கு மணிக்குப் பிறகு போங்கள். அதற்குமுன் அந்தக் கரையில் ஒதுங்க நிழல் இல்லை.