பூஜ்யம் வேறு, காலி வேறு

அன்புள்ள சார்,

விளையாட்டுப் பட்டியல்களைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய குறிப்பில், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஐஸ் ஹாக்கி அணியைப் பற்றி ஒரே ஒரு வரி வந்தது. 1969–70 சீசனில் 29 ஆட்டம், 29 வெற்றி என்று. என் மகன் இரண்டு வருடமாக அங்கேதான், இத்தாகாவில், மேற்படிப்பு படிக்கிறான். அதனால் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

நான் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர் கிரிக்கெட் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதப் போவேன். எண்களைக் கண்டு பயப்படுகிற ஆள் இல்லை. ஆனால் அந்த அணியின் சீசன் வாரியான பட்டியலைத் தேடி எடுத்து இரண்டு ராத்திரி உட்கார்ந்தும் பிடி கிடைக்கவில்லை. ஒவ்வொரு வருடத்துக்கும் மூன்று எண், ஒரு பயிற்சியாளர் பெயர், அவ்வளவுதான். நடுவில் பத்து வருடம் போல ஒன்றுமே இல்லை. 2019–20க்கு நேரே நல்ல எண்கள் இருக்கின்றன, ஆனால் கடைசியில் என்ன ஆயிற்று என்ற இடம் காலி. அடுத்த வருடமே காணோம். ஒரு காலேஜ் டீமின் சரித்திரத்தை இப்படி வரி வரியாகப் படித்து என்ன கிடைக்கப்போகிறது?

இன்னொரு சின்னச் சந்தேகம். மகன் அனுப்பிய போட்டோவில் அரங்கம் முழுக்க ஆட்கள் செய்தித்தாளை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆட்டம் அவ்வளவு அறுவையா?

ம.,
திருப்பூர்

அன்புள்ள ம.,

சின்னச் சந்தேகத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஆட்டம் அறுவை இல்லை. எதிரணி வீரர்களின் பெயர்களை அறிவிக்கும்போது, 'நீ யாராக இருந்தால் எங்களுக்கென்ன' என்று காட்டுவதற்காகக் கார்னெல் மாணவர்கள் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். தங்கள் அணி வந்ததும் தாள்கள் காணாமல் போகும், கூச்சல் கூரையைத் தொடும். உங்கள் மகன் சரியான நொடியில் படம் எடுத்திருக்கிறார்.

இப்போது பட்டியலுக்கு வருவோம். அந்த மூன்று எண்கள் வெற்றி, தோல்வி, டிரா. அதை நீங்களே ஊகித்திருப்பீர்கள். நான் இந்தப் பட்டியலைப் பல முறை படித்திருக்கிறேன். இத்தனைக்கும் ஐஸ் ஹாக்கியை முதன்முதலில் பார்த்தபோது அந்தக் கறுப்பு வில்லை, 'பக்' என்பார்கள், எங்கே போகிறது என்றே என் கண்ணுக்குப் பிடிபடவில்லை. கோல் விழுந்ததை விளக்கு எரிந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஆட்டத்தைவிடப் பட்டியல்தான் எனக்கு முதலில் பிடித்தது. நீங்கள் கணக்கெழுதுகிறவர் என்பதால் ஒன்றைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். பேரேட்டில் பூஜ்யம் போட்ட இடம் வேறு, எதுவும் எழுதாமல் விட்ட இடம் வேறு. கார்னெல் பட்டியலில் இரண்டும் இருக்கின்றன.

நீங்கள் கேட்ட அந்தப் 'பத்து வருடம்' சரியாகச் சொன்னால் ஒன்பது சீசன். 1948க்கும் 1957க்கும் நடுவே கார்னெலில் ஹாக்கி அணியே கிடையாது. காரணம் பணமோ போரோ என்று நினைப்போம். பெரிய காரணம் பனிக்கட்டி. அதுவரை அவர்கள் ஆடியது வளாகத்துக்குள் இருக்கும் பீபி ஏரியின் மேல். ஏரி உறைந்தால் ஆட்டம், உறையாவிட்டால் இல்லை. ஜனவரியில் நாலு நாள் வெயில் அடித்தால் ஆட்டங்கள் ரத்தாகும். நம்மூரில் மழை வந்து கிரிக்கெட் நிற்கிற மாதிரி, அங்கே வெயில் வந்து ஹாக்கி நிற்கும். இந்த ஏரியை நம்பி 1911ல் ஓர் அணி ஒரு தோல்வியும் இல்லாமல் கல்லூரிப் பட்டத்தை வென்றிருக்கிறது என்பது ஆச்சரியம்தான். நிக் பால்ஃப் என்ற பயிற்சியாளர் 1920லிருந்து 1947 வரை இதே ஏரியோடு மல்லுக்கட்டினார். கால்பந்து, லக்ராஸ் அணிகளுக்கும் அவர்தான் பயிற்சியாளர். அந்த வருடங்களில் மொத்த ஆட்டங்களின் எண்ணிக்கை குறைவாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அணி சோம்பேறியாக இருந்ததால் வந்த குறைவில்லை அது. அந்தக் காலத்து இத்தாகாவின் தட்பவெப்பப் பதிவேடாகவும் அந்த வரிகளைப் படிக்கலாம்.

1957ல் லைனா அரங்கம் வந்தது. கூரைக்குக் கீழே, இயந்திரத்தால் உறைய வைத்த தளம். அதன் பிறகு வெயிலைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. மறுபடி தொடங்கிய அணிக்கு முதல் சில வருடங்கள் அடிதான். 1962ல் ஹார்வர்டை 2–1 என்று வென்றபோதுதான் ஊருக்கு இந்த அணியின் மேல் கண் விழுந்தது.

1963ல் நெட் ஹார்க்னஸ் வருகிறார். பட்டியலில் அவர் பெயர் தொடங்கும் இடத்திலிருந்து நடுவிலிருக்கும் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டே கீழே வாருங்கள். தோல்விகள் உருகும். ஏற்கெனவே ரென்சலர் பாலிடெக்னிக் என்ற சிறிய கல்லூரியை 1954ல் தேசிய சாம்பியன் ஆக்கிக் காட்டியவர். கார்னெலில் ஏழு வருடத்தில் 163 வெற்றி, 27 தோல்வி, 2 டிரா. கனடாவிலிருந்து பையன்களைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார். அப்படி வந்தவர்களில் ஒருவர் கென் டிரைடன். உயரமான கோல்கீப்பர், வரலாறு படிக்க வந்த மாணவர். தொழில்முறை அணி ஒன்று அவரை ஏற்கெனவே தேர்வு செய்து வைத்திருந்தது. இவர் படிப்பு முடியட்டும் என்று சொல்லிவிட்டார்.

முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆட அப்போது அனுமதி இல்லை. ஆகவே டிரைடனுக்கு மூன்று சீசன்கள்தான். அந்த மூன்று வரிகளை எழுதிப் பாருங்கள்: 27–1–1, 27–2–0, 27–2–0. மூன்று வருடமும் சரியாக 27 வெற்றி. 1967ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தை 4–1 என்று வென்று முதல் தேசியப் பட்டம். அடுத்த வருடத்து இரண்டு தோல்விகளில் ஒன்று தேசியப் போட்டியின் அரையிறுதியில், வடக்கு டகோட்டாவிடம். அதற்கடுத்த வருடத்து இரண்டில் ஒன்று இறுதியாட்டத்தில், டென்வரிடம், 4–3. வருடம் முழுக்க ஏறக்குறைய தோற்காமல் வந்து, தோற்கக் கூடாத அன்றைக்குத் தோற்றார்கள். பட்டியலில் '2' என்று இருப்பது எவ்வளவு சின்னதாகத் தெரிகிறது!

டிரைடன் 1969ல் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வரிதான் நீங்கள் நின்ற வரி. 29–0–0.

எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். பின்னாளில் மாண்ட்ரியல் அணிக்காகத் தொழில்முறை ஐஸ் ஹாக்கியின் ஆகப் பெரிய பரிசான ஸ்டான்லி கோப்பையை ஆறு முறை வென்று, கனடாவில் அமைச்சராகவும் இருந்து, சென்ற 2025 செப்டம்பரில் மறைந்த அந்த மனிதர்தான் கார்னெலின் ஆகப் பெரிய பெயர். ஆனால் தோல்வியே இல்லாத சீசனில் அவர் இல்லை. கோலில் நின்றவர் பிரையன் கிராப்பர். டிரைடனோடு பார்த்தால் உருவத்தில் சிறியவர். அவர் பெயரை ஹாக்கிப் பைத்தியங்களைத் தவிர யாரும் இன்று சொல்வதில்லை.

அந்த இரண்டு பூஜ்யங்களும் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கின என்பதும் பட்டியலில் தெரியாது. கிழக்குப் பிராந்தியப் பட்டத்துக்கான இறுதியாட்டத்தில் கிளார்க்சன் கல்லூரியை 3–2 என்றுதான் வென்றார்கள். தேசிய அரையிறுதியில் விஸ்கான்சினை 2–1. இறுதியாட்டம் லேக் பிளாசிடில், மறுபடியும் அதே கிளார்க்சன். ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் இரண்டு முடிந்தபோது 3–3. கடைசிப் பகுதியில் டான் லாட்போவா என்பவர் மூன்று கோல் போட்டார். அவர் ஃபார்வர்டு இல்லை, டிஃபென்ஸ்காரர். முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்தவரை ஹார்க்னஸ்தான் பின்னால் இழுத்து நிறுத்தியிருந்தார். ஆட்டம் 6–4 என்று முடிந்தது.

அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் ஹாக்கியின் முதல் டிவிஷனில் ஒரு தோல்வியும் ஒரு டிராவும் இல்லாமல் தேசியப் பட்டம் வென்ற அணி இது ஒன்றுதான். ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும், கார்னெல்காரர்கள் கோபித்துக்கொள்ளலாம். அன்றைக்குத் தேசியப் போட்டியில் மொத்தம் நாலே அணிகள். இரண்டு ஆட்டம் வென்றால் சாம்பியன். இன்றைக்குப் பதினாறு அணிகள், நாலு ஆட்டம். நீங்கள் 1970ன் ரூபாயையும் இன்றைய ரூபாயையும் ஒரே பத்தியில் கூட்டமாட்டீர்கள் இல்லையா, அது மாதிரி. 1992–93ல் மேய்ன் பல்கலைக்கழக அணி 42 வெற்றி, ஒரே ஒரு தோல்வி, இரண்டு டிரா என்று முடித்துப் பட்டம் வென்றது. கடினமான காரியம் எது என்று என்னைக் கேட்டால் மேய்ன் என்பேன். அழகான வரி எது என்று கேட்டால் கார்னெல்.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹார்க்னஸ் உடனே டெட்ராய்ட் ரெட் விங்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் போனார். காலேஜ் பையன்களை நடத்துகிற மாதிரி சம்பளக்கார வீரர்களை நடத்தப் பார்த்தார், எடுபடவில்லை. அந்தக் காலகட்டத்தை டெட்ராய்ட் ரசிகர்கள் அவர் பெயருக்கு எதுகையாக 'டார்க்னஸ்' என்றே சொன்னார்கள். கார்னெலில் அவர் நாற்காலியில் உட்கார்ந்தவர் டிக் பெர்ட்ரண்ட். பட்டியலில் இது வெறும் பெயர் மாற்றம். உண்மையில் இவர் அந்த 29–0–0 அணியின் கேப்டன்களில் ஒருவர். படிக்க வருவதற்கு முன் டொராண்டோவில் போலீஸ்காரராக இருந்தவர். சென்ற வருடம் கூட ஆடிய பையன்களுக்கு இந்த வருடம் வாத்தியார்! 1972ல் இறுதி வரை கொண்டுபோனார், பாஸ்டன் பல்கலைக்கழகத்திடம் 4–0 என்று தோற்றார்கள். 1973 அரையிறுதியில் விஸ்கான்சினுக்கு எதிராக 5–2 என்று முன்னிலையில் இருந்தார்கள். ஆட்டம் முடிய 5 நொடி இருக்கும்போது எதிரணி சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் 6–5 என்று போயிற்று. இதெல்லாம் பட்டியலில் தோல்விக் கட்டத்தில் ஏறிய ஒற்றை எண்.

எண்பதுகளும் தொண்ணூறுகளின் தொடக்கமும் சுமார். 1995ல் பழைய வீரர் மைக் ஷேஃபர் பயிற்சியாளராக வந்தபிறகு மறுபடி உயிர் வந்தது. 2003ல் கடைசி நான்கு அணிகள் வரை போய் நியூ ஹாம்ப்ஷயரிடம் 3–2 என்று தோற்றார்கள். 2006ல் மறுபடியும் விஸ்கான்சின், மூன்று கூடுதல் நேரம் ஆடி 1–0 என்று தோல்வி. ஏறக்குறைய இரண்டு ஆட்ட நேரம் ஒரு கோலும் விழாமல் போன ராத்திரி அது. 1970க்குப் பிறகு கார்னெலுக்குத் தேசியப் பட்டமே இல்லை.

இப்போது உங்கள் 2019–20. எண்கள் 23–2–4. நாட்டிலேயே முதலிடம். அதே வருடம் அவர்களின் பெண்கள் அணியும் நாட்டில் முதலிடம். ஐம்பது வருடம் கழித்து, சரியாக 1970ன் பொன்விழா ஆண்டில், இந்த முறை வாய்ப்பு இருக்கிறது என்று ஊரே நம்பியது. 2020 மார்ச் 12 அன்று, கொரோனாவால், பிராந்தியப் போட்டியும் தேசியப் போட்டியும் ரத்து. இரண்டு அணிகளுக்கும் சீசன் அங்கேயே அறுந்தது. முடிவு என்ற கட்டத்தில் எழுத எதுவும் இல்லாததால் யாரும் எழுதவில்லை. அடுத்த வருடம் கார்னெல் உட்பட, 'ஐவி லீக்' என்ற பழம்பெரும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் அணிகள் எதுவுமே களமிறங்கவில்லை. 2019–20ல் கடைசியாண்டில் இருந்த பையனை நினைத்துப் பாருங்கள். முதலிடத்தில் இருந்த அணியில் ஆடியவன், கடைசி ஆட்டம் எது என்று தெரியாமலேயே கடைசி ஆட்டத்தை ஆடி முடித்திருக்கிறான்.

29–0–0ஐ நான் ரசிக்கிறேன். ஆனால் திரும்பத் திரும்ப விரல் போய் நிற்பது இந்தக் காலியிடத்தில்தான். 1948ல் ஏரி உறையாமல் விழுந்த காலியும் இதுவும் ஒரே பட்டியலில் ஒரே மாதிரி வெள்ளையாகத் தெரிகின்றன. நீங்கள் 'என்ன கிடைக்கும்' என்று கேட்டீர்கள். எனக்கு இது கிடைத்தது.

ஷேஃபர் 2025ல் ஓய்வு பெற்றார். கடைசி சீசனில் பிராந்தியப் பட்டத்தை வென்று, தேசியப் போட்டியின் முதல் ஆட்டத்தில் பலமான மிஷிகன் ஸ்டேட் அணியைக் கடைசி நொடிகளில் விழுந்த கோலால் 4–3 என்று சாய்த்து, அடுத்த ஆட்டத்தில் பாஸ்டன் பல்கலைக்கழகத்திடம் கூடுதல் நேரத்தில் தோற்று, முப்பது வருடத்தை முடித்துக்கொண்டார்.

அப்புறம், மகனிடம் ஒன்று சொல்லி வையுங்கள். ஹார்வர்டோடு ஆட்டம் என்றால் டிக்கெட் கிடைப்பது கஷ்டம், கிடைத்தால் விடவேண்டாம். ஆனால் கீழ் வரிசையில் உட்காரும்போது நல்ல சட்டை போட்டுக்கொண்டு போகவேண்டாம். முன்னொரு காலத்தில் ஹார்வர்டுக்காரர்கள், கார்னெல் விவசாயக் கல்லூரிதானே என்று கேலி செய்து கோழியைத் தளத்தில் எறிந்தார்களாம். அதற்குப் பதிலாக, ஹார்வர்டு வீரர்கள் லைனாவில் பனித்தளத்துக்கு வரும்போது கார்னெல் மாணவர்கள் இன்றைக்கும் மீன் எறிகிறார்கள். கோட்டுக்குள் ஒளித்து எடுத்து வருகிற மீன். எல்லாம் தளம் வரை போய்ச் சேருவதில்லை.