பேச ஒன்றுமில்லாத நண்பன்

அன்புள்ள ஐயா,

நான் ராஜபாளையத்துக்காரன். பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன் மஸ்கட்டிலிருந்து வந்திருந்தான். 30 வருடம் கழித்துப் பார்க்கிறோம். கிணற்றில் குதித்தது, மாந்தோப்பில் அகப்பட்டது, செகண்ட் ஷோ பார்த்துவிட்டுச் சுவரேறி வீட்டுக்குள் இறங்கியது, எல்லாவற்றையும் பேசிச் சிரித்தோம். ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது. அப்புறம் ஆளுக்கொரு போனை எடுத்துக்கொண்டோம். புத்தகங்களைப் பற்றி மணிக்கணக்காகப் பேச இன்று எனக்கு நண்பர்கள் இருக்கிறார்கள். இவனோடு பேச ஒன்றுமே இல்லை. அது நட்புதானா, இல்லை வெறும் வயதா? இரண்டு வாரமாக மனசு சரியில்லை.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அது நட்புதான். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

சங்கப் புலவர் பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழன் என்ற அரசனும் ஒருவரையொருவர் பார்க்காமலே நண்பர்களாக இருந்தார்கள். சோழன் வடக்கிருந்தபோது, அதாவது உண்ணாமல் இருந்து உயிர்விடத் துணிந்தபோது, பாண்டிய நாட்டிலிருந்து பிசிராந்தையார் தேடி வந்து சேர்ந்தார். நட்பு என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த மாதிரிதான்: உள்ளமும் உள்ளமும் பேசிக்கொள்வது. உங்கள் புத்தக நண்பர்கள் அந்த வழியில் வந்தவர்கள். பள்ளிக்கூட நட்பு அதற்கு நேர் எதிர்த்திசையில் வளர்வது. அங்கே உள்ளம் பிற்பாடுதான் வருகிறது. முதலில் கையும் காலும்தான்.

1979 ஆடி மாதம். நானும் என் நண்பன் ஒருவனும் திருநெல்வேலி டவுனில் பதினோராம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தோம். குற்றாலத்தில் தண்ணீர் கொட்டுகிறது என்று பேச்சு. பஸ்ஸுக்குக் காசில்லை. இரண்டு சைக்கிள் எடுக்கவும் காசில்லை. ஒரே ஒரு வாடகை சைக்கிளைப் பேட்டை வரைக்கும்தான் என்று சொல்லி எடுத்தோம். மட்கார்டில் வெள்ளை பெயின்டில் நம்பர் எழுதிய பழைய வண்டி. ஒரு பையில் அவன் அம்மா வாழையிலையில் கட்டிக்கொடுத்த இட்லியும் மிளகாய்ப்பொடியும். குற்றாலம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் என்று தெரியும். தெரிந்தேதான் கிளம்பினோம்.

நாங்கள் கணக்கில் எடுக்காதது காற்றை. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக உள்ளே புகுந்து கிழக்கே வீசும் காலம் அது. இன்று அந்தப் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். சீதபற்பநல்லூர் தாண்டியதும் வண்டி நகர மறுத்தது. ஓட்டிக்கொண்டிருந்த அவன், "நீயும் மிதிலே" என்றான். ஓட்டுகிறவன் பாதத்தைச் சற்று முன்னால் தள்ளி வைத்துக்கொண்டால், கேரியரில் இருப்பவன் விரல்களை அதே பெடலில் ஊன்ற இடம் கிடைக்கும். நான்கு கால், இரண்டு பெடல். ஒருவன் மிதி தளர்ந்தால் அடுத்தவன் காலுக்கு அந்தக் கணமே தெரிந்துவிடும். ஆலங்குளம் வரைக்கும் அப்படித்தான் போனோம். பேச்சு கிடையாது. வாயைத் திறந்தால் காற்று அடைத்தது.

அத்தியூத்துப் பக்கம் பஞ்சர். கடைக்காரர் ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வந்த இடத்தில் அடையாளம் வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொலுஷன் தடவி ஊதிக் காயவைத்து ஒட்டும்வரை இருவரும் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். கையிலிருந்த சில்லறையில் பாதி அங்கே போனது. திரும்பிவிடலாமா என்று அவன் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவன் கேட்டிருந்தால் நான் சரி என்றிருப்பேன். அவன் கேட்காமல் இருந்ததற்காக இன்றுவரை அவனிடம் எனக்கு நன்றி இருக்கிறது.

தென்காசிக் கோபுரம் அப்போது கிடையாது. இன்றிருக்கும் ஒன்பது நிலைக் கோபுரத்துக்குக் குடமுழுக்கு நடந்தது 1990-ல். நாங்கள் பார்த்தது பிளந்து நின்ற பழைய அடிப்பகுதியை.

குற்றாலத்தில் பேரருவி மேலிருந்து நேராக நம் தலையில் விழுவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்ற ஆழமான பள்ளத்தில் விழுந்து, வேகம் குறைந்து, வழிந்துதான் கீழே வருகிறது. அதனால்தான் மனிதர்கள் அடியில் நிற்க முடிகிறது. அப்படியும் முதல் அடி தலையில் விழுந்ததும் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. பின்வாங்கப் பார்த்தேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தான். விடவே இல்லை. பாறையோடு முதுகை ஒட்டி இருவரும் எவ்வளவு நேரம் நின்றோமோ, வெளியே வந்தபோது பல் கிட்டித்தது, விரல்களெல்லாம் வெளுத்திருந்தன.

திரும்பும்போது அதே காற்று முதுகுக்குப் பின்னால். பல இடங்களில் பெடலை மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. லைட் இல்லாமல் டபுள்ஸ் வந்தால் போலீஸ் பிடிக்கும் என்று பேட்டையில் இறங்கி உருட்டிக்கொண்டே டவுனுக்கு வந்தோம். வீட்டில் கிடைத்ததைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த முழு நாளில் நாங்கள் பேசியதைத் தொகுத்தால் அரைப் பக்கம் தேறாது. இதைத்தான் உங்களிடம் சொல்ல வருகிறேன். நீங்களும் உங்கள் நண்பரும் அன்று கிணற்று மேட்டில் உட்கார்ந்து என்ன பேசினீர்கள்? குதித்தீர்கள், அவ்வளவுதானே? பேச்சால் வளராத ஒன்றை நாற்காலி போட்டு உட்கார்ந்து பேச்சால் மீட்கப் பார்த்திருக்கிறீர்கள். ஒரு மணி நேரம் தாங்கியதே பெரிது. பழைய கதைகளைத் திரும்பத் திரும்பச் சொல்வதையும் குறைவாக நினைக்காதீர்கள். வேலை, பதவி, குடும்பம் எதுவும் வருவதற்கு முன்னால் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பதற்கு இன்று உயிரோடு இருக்கும் சாட்சிகளில் அவரும் ஒருவர்.

என் நண்பன் தூத்துக்குடியில் லாரி வைத்திருக்கிறான். நான் எழுதியதில் ஒரு வரிகூடப் படித்ததில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. போன தை மாதம் பாடி கட்டும் வேலைக்காக நாமக்கல்லுக்கு லாரி கொண்டுபோனான். நானும் ஏறிக்கொண்டேன். மதுரை, திண்டுக்கல், கரூர் என்று ராத்திரி முழுக்க கேபினில் அவன் பக்கத்தில். அவனுக்குக் கண் சொக்கினால் எனக்குத் தெரிந்தது. "டீ குடிப்போமா" என்பேன், ஓரம் கட்டுவான்.

உங்கள் நண்பர் அடுத்த விடுமுறைக்கு வரும்போது வீட்டுக்குக் கூப்பிடாதீர்கள். சதுரகிரிக்குக் கூப்பிடுங்கள். உங்கள் ஊரிலிருந்து மலையடிவாரமான தாணிப்பாறை பக்கம்தான். மலையேற எந்தெந்த நாட்களில் விடுகிறார்கள் என்று வனத்துறையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் பாதி வழியில் திரும்பிவிடலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. சாப்பாட்டை மட்டும் வீட்டிலிருந்தே கட்டிக்கொள்ளுங்கள்.

அன்புடன்.