ஈரல் கட்டி நுரையீரலுக்குப் பரவினால் ஆபரேஷனா, மருந்தா?

ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்கு 61 வயது, ஹெபடைட்டிஸ் பி உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்பு ஈரலில் புற்றுநோய்க் கட்டி வந்து ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். இப்போது வலது நுரையீரலில் இரண்டு சிறிய கட்டிகள் தெரிகின்றன, ஏ.எஃப்.பி.யும் (ஈரல் புற்றுநோயில் இரத்தத்தில் ஏறும் ஒரு புரதம்) ஏறியிருக்கிறது. ஒரு டாக்டர் வெட்டி எடுக்கலாம் என்கிறார், இன்னொருவர் இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்புச் சக்தியைக் கொண்டே புற்றுநோயைத் தாக்கும் மருந்து) என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

இருவர் சொல்வதிலும் தப்பில்லை. ஈரலை விட்டு வெளியே பரவிவிட்டால் முதலில் மருந்து என்பதுதான் பொதுவான நெறிமுறை. அட்டிசோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தையும், கட்டிக்கு இரத்தக்குழாய்கள் வளர்வதைத் தடுக்கும் பெவாசிசுமாப்பையும் சேர்த்துக் கொடுத்தால் பழைய சொராஃபெனிப் மாத்திரையைவிட நோயாளிகள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்று 2020-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் பரவல் ஓரிரு கட்டிகளோடு நின்றிருக்கும் சிலருக்கு ஆபரேஷன் நல்ல வழி. உங்கள் அப்பா அந்தச் சிலரில் ஒருவரா என்பதுதான் கேள்வி.

அதற்கு நுரையீரலைப் பார்ப்பதற்கு முன் ஈரலைப் பார்க்க வேண்டும். அங்கே புதிதாகக் கட்டி முளைத்திருந்தால் நுரையீரலில் கத்தி வைப்பதில் பெரிய பலன் இருக்காது. அதனால் மூன்று கட்டமாக எடுக்கும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஒன்று புதிதாக வேண்டும், பெட் ஸ்கேனை மட்டும் நம்பாதீர்கள், ஈரல் புற்றுநோயில் ஒரு பகுதி அதில் ஒளிராமலே போய்விடும். கட்டி இல்லாவிட்டாலும் சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பேறி இறுகுவது, எந்த அளவில் இருக்கிறது என்பது முக்கியம். ஈரல் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று அளக்கும் சைல்டு-பியூ கணக்கில் ஏ, அதாவது நல்ல நிலை, என்றால் மேலே பேசலாம். வயிற்றில் நீர் கோத்து, மஞ்சள் காமாலையோடு, பிளேட்லெட்டும் மிகக் குறைவாக இருப்பவரை நுரையீரல் ஆபரேஷனுக்கு அனுப்ப எனக்கு மனம் வராது.

அப்புறம் இடைவெளி. முதல் ஆபரேஷனுக்கும் இந்தப் பரவலுக்கும் நடுவில் இரண்டு வருடம் போயிருப்பது நல்ல அறிகுறி. ஆறே மாதத்தில் வந்திருந்தால் நோய் வேகமானது, இன்று இரண்டை எடுத்தால் அடுத்த ஸ்கேனில் ஐந்து தெரியலாம். சந்தேகமாக இருந்தால் மருந்தைத் தொடங்கி இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்து, புதிதாக எதுவும் வராவிட்டால் வெட்டுவது என்று முடிவெடுப்பதும் உண்டு. அதைக் காலம் கடத்துவதாக நினைக்க வேண்டாம்.

இன்னொன்று, நம் ஊரில் நுரையீரலில் தெரியும் கட்டியெல்லாம் புற்றுநோய் ஆகிவிடாது. பழைய டி.பி. தழும்பும் ஸ்கேனில் இப்படியே தெரியும். உங்கள் அப்பாவுக்கு ஏ.எஃப்.பி. சேர்ந்து ஏறியிருப்பதால் பரவலாக இருக்கவே வாய்ப்பு அதிகம், ஆனாலும் பழைய எக்ஸ்ரே, சி.டி. இருந்தால் கட்டாயம் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஆபரேஷன் என்று முடிவானால், கட்டிகள் நுரையீரலின் ஓரத்தில் இருக்கும்பட்சத்தில் சிறு துளைகள் வழியாகக் கேமரா வைத்து, கட்டி இருக்கும் துண்டை மட்டும் ஆப்பு வடிவில் எடுப்பார்கள். உள்ளே ஆழத்தில் இருந்தால் அதிகப் பகுதி போகும், மிச்ச நுரையீரல் தாங்குமா என்று மூச்சுப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். ஆபரேஷன் வேண்டாம் என்றானால் குறிவைத்த கதிர்வீச்சு, சூடேற்றிக் கட்டியை எரிப்பது என்ற வழிகளும் இருக்கின்றன, அவற்றையும் கேளுங்கள்.

பலன் எவ்வளவு? வெட்டியவர்களையும் வெட்டாதவர்களையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட பெரிய ஆய்வு இல்லை. ஜப்பான், கொரியா மருத்துவமனைப் பதிவுகளில் ஐந்து ஆண்டு தாண்டியவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர். ஆனால் அவர்கள் ஏற்கெனவே நன்றாக இருந்ததால்தான் ஆபரேஷனுக்கே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், அதை மறக்காதீர்கள்.

மருந்தை முதலில் தொடங்கினால் ஒரு எச்சரிக்கை: பெவாசிசுமாப் காயம் ஆறுவதைத் தடுக்கும், இரத்தக்கசிவும் வரலாம். அதை நிறுத்திக் குறைந்தது நான்கு வாரம், பெரும்பாலும் ஆறு வாரம் கழித்துத்தான் ஆபரேஷன். ஊசி போடும் முன்பே உணவுக்குழாயில் வீங்கிய இரத்தக்குழாய்கள் இருக்கின்றனவா என்று எண்டோஸ்கோபியில் பார்த்துவிட வேண்டும்.

இரண்டு டாக்டர்களிடமும் தனித்தனியாக அலைவதைவிட, ஈரல் சர்ஜன், நுரையீரல் சர்ஜன், புற்றுநோய் மருந்து நிபுணர் மூவரும் சேர்ந்து பார்க்கும் டியூமர் போர்டு உள்ள இடத்துக்கு ரிப்போர்ட்களைக் கொண்டு போங்கள். எந்த வழியானாலும் ஹெபடைட்டிஸ் பி மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக்கூடாது. ஆபரேஷன் முடிந்தபின் ஏ.எஃப்.பி. சில வாரங்களில் படிப்படியாக இறங்க வேண்டும். இறங்காமல் நின்றால் எங்கோ மிச்சம் இருக்கலாம், அடுத்த ஸ்கேனுக்கு மூன்று மாதம் காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள்.