எதுல எத்தனை பேர் சாகுறாங்க? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

(இறப்புப் பதிவுல காரணம் சரிபாக்குற வேலை எனக்கு, இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு.)

கேள்வி: அக்கா, அகமதாபாத் விபத்துக்கு அப்புறம் ஃப்ளைட் ஏறவே பயமா இருக்கு.

பதில்: பயம் வர்றது இயல்புதான் தம்பி. 2025 ஜூன் 12ல கீழ இருந்தவங்களையும் சேர்த்து 260 பேர் போயிட்டாங்க. ஆனா 2022ல நம்ம நாட்டு ரோட்டுல மட்டும் 1,68,491 பேர், ஒரு நாளைக்கு 460க்கு மேல, அது எந்த சேனல்லயும் ஓடல. ஏர்போர்ட்டுக்கு பைக்ல போனா ஹெல்மெட் போட்டு பட்டையையும் மாட்டு. அந்த வருஷம் ஹெல்மெட் இல்லாம செத்தவங்க 50,029.

கேள்வி: மின்னல்ல நிறைய பேர் சாகுறாங்களா?

பதில்: 2022ல 2,887 பேர். இடி இடிச்சா மரத்தடியில ஒதுங்காதீங்க.

கேள்வி: ஹார்ட்டா கேன்சரா, எது அதிகம்?

பதில்: ஹார்ட்தான். 2020ல டாக்டர் சான்றோட பதிவான சாவுல இதயம், ரத்தக்குழாய் சம்பந்தப்பட்டது 32% கிட்ட. ஆனா பதிவான சாவுலயே டாக்டர் சான்று இருந்தது 22.5%தான், மீதிப்பேர் எதனால போனாங்கன்னு பேப்பர்ல இல்ல. இத மறந்துட்டு எந்த ரெண்டு நோயையும் ஒப்பிடாதீங்க.

கேள்வி: எங்க அப்பா சான்றுல "கார்டியாக் அரெஸ்ட்"னு இருக்கு. அப்ப ஹார்ட் அட்டாக்தானே?

பதில்: இல்லம்மா. யாரு செத்தாலும் கடைசியில இதயம் நிக்கும், அது காரணம் இல்ல. சாவு காரணத்த டாக்டர் எழுதுற படிவம் 4ல மேல் வரியில கடைசியா நடந்தது, அதுக்குக் கீழ அது எதனால, அதுக்கும் கீழ அது எதனாலன்னு இறங்கிட்டே போகணும், அந்த அடி வரிதான் எங்களுக்கு வேணும், அதத்தான் காலியா விட்டுடறாங்க. அப்பாவுக்கு சுகர், கிட்னி ஏதாவது இருந்துச்சா?

கேள்வி: என் மாமா சான்றுலயும் கார்டியாக் அரெஸ்ட்தான்...

பதில்: மேல சொன்னதுதான். அடி வரிய பாருங்க.

கேள்வி: வருஷத்துக்கு 58,000 பேர் பாம்பு கடிச்சு சாகுறாங்கன்னு எழுதியிருந்தீங்க. அரசு கணக்கு 2,000 கிட்டதான். ஏன் பீதி கிளப்புறீங்க?

பதில்: சார், அந்த 2,000 ஆஸ்பத்திரி வழியா வந்த கணக்கு. 58,000ங்கறது 2000லருந்து 2019 வரைக்குமான சராசரி, வீடு வீடா போய் எப்படி செத்தாங்கன்னு கேட்டு, அத ரெண்டு டாக்டர் தனித்தனியா படிச்சு போட்டது.

கேள்வி: வீட்டுல சொல்றதெல்லாம் ஆதாரமா? பாம்ப யாரும் பாக்கலன்னா?

பதில்: பாக்கலன்னாதான் சார் பிரச்சினையே. ஒரு வீட்டுக்குப் போனேன், பதிவுல "வயித்துவலி, வாந்தி"ன்னு இருந்துச்சு. அந்த அம்மா பாய விரிச்சுக் காட்டுனாங்க, இங்கதான் புள்ள படுத்திருந்தான், விடியக்காலையில வயிறு வலிக்குதுன்னான், கண்ண தொறக்கச் சொன்னா இமை தூக்க முடியலன்னு சொன்னாங்க. கட்டுவிரியன் ராத்திரியில கடிச்சா வலியே இல்லாம போகும், பல் தடம்கூட சரியா தெரியாது. அந்தப் புள்ள எந்த ஆஸ்பத்திரி கணக்குலயும் இல்ல. 2024 நவம்பர்ல தமிழ்நாட்டுல பாம்புக்கடிய அரசுக்கு கட்டாயம் அறிவிக்கணும்னு கொண்டு வந்தது இதுக்காகத்தான்.

கேள்வி: சரி, ஒத்துக்கறேன். தரையில படுக்கறவங்க என்ன பண்றது?

பதில்: கட்டில் இருந்தா நல்லது, இல்லன்னா கொசுவலைய பாய்க்கு அடியில நல்லா சொருகிப் படுங்க. காலையில வயித்துவலியோட இமை தொங்குச்சுன்னா மந்திரிக்கப் போகாம நேரா ஜி.எச். போங்க, தரையில படுத்திருந்தான்னு டாக்டர்கிட்ட மொதல்ல சொல்லுங்க.