அப்பாவுக்கு வந்தால் மகனுக்கும் வருமா? புரொஸ்டேட் புற்றுநோய்: கேள்வி பதில்

மலைநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றின் ஆய்வுகூடத்தில் நீண்ட காலம் வேலை செய்தவன் நான். புரொஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோய் பரம்பரையாக வருமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஹட்டன் அண்ணன்: அப்பாவுக்கு 74 வயதில் வந்தது. எனக்கு 48. எனக்கும் கட்டாயம் வருமா?

கட்டாயம் என்று ஒன்றுமில்லை அண்ணே. அப்பாவுக்கோ கூடப்பிறந்தவருக்கோ இருந்தால் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. இரண்டு மூன்று பேருக்கு வந்திருந்தாலோ, 60 வயதுக்கு முன்பே வந்திருந்தாலோ இன்னும் கூடும். 74இல் ஒருவருக்கு மட்டும் வந்தது வயதின் காரணமாகவும் இருக்கலாம். ஆனாலும் அடுத்த முறை டொக்டரைப் பார்க்கும்போது அப்பாவின் நோயைச் சொல்லி, பி.எஸ்.ஏ. (புரொஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம்) அளக்கும் இரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். தள்ளிப்போட வேண்டாம்.

பண்டாரவளை தங்கச்சி: அம்மா 43 வயதில் மார்புப் புற்றுநோயில் போய்விட்டார். சின்னம்மாவுக்குச் சூலகப் புற்றுநோய். புரொஸ்டேட் ஆண்களின் விஷயம்தானே, தம்பிமாருக்கு இதில் என்ன?

நிறைய இருக்கிறது, தங்கச்சி. மற்றவர்களும் இந்தப் பதிலை இரண்டு தடவை வாசியுங்கள்.

13ஆவது நிறமூர்த்தத்தில் பி.ஆர்.சி.ஏ. 2 என்றொரு பரம்பரையலகு இருக்கிறது. கலத்துக்குள் டி.என்.ஏ. அறுந்தால் அதை ஒட்டவைக்கும் வேலைக்கு அது தேவை. நம் ஒவ்வொருவருக்கும் அதில் இரண்டு பிரதிகள், அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதாகவே வந்திருந்தாலும் மற்றது சமாளிக்கும். வருடங்கள் போக, ஏதோ ஒரு கலத்தில் அந்த நல்ல பிரதியும் கெட்டால், அறுந்தது அறுந்தபடி கிடக்கும். புற்றுநோய்க்கு அங்கேதான் வழி திறக்கிறது.

பெண்ணுக்கு அது மார்பிலும் சூலகத்திலும் தெரியும், ஆணுக்குப் புரொஸ்டேட்டில். பிள்ளை ஆணோ பெண்ணோ, போய்ச்சேரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. இந்தப் பழுதோடு வரும் புரொஸ்டேட் புற்றுநோய் இள வயதிலேயே வரக்கூடும், வேகமாகவும் பரவும். அதனால் பழுது இருப்பது உறுதியானவர்களுக்கு 40 வயதிலிருந்தே பி.எஸ்.ஏ. பார்க்கச் சொல்கிறார்கள். நம் வீடுகளில் அப்பா வழியை மட்டும் கேட்டுவிட்டு விடுகிறோம். அம்மா வழியில் அம்மாயி, பெரியம்மா, சின்னம்மா எல்லோரையும் கேட்க வேண்டும். சின்னம்மா உயிரோடு இருந்தால் முதலில் அவருக்குத்தான் பரம்பரைப் பரிசோதனை செய்ய வேண்டும். அவரிடம் பழுது எதுவென்று தெரிந்தால், தம்பிமாரிடம் அதை மட்டும் தேடினால் போதும்.

தலவாக்கலை தம்பி: எவ்வளவு பரம்பரை, எவ்வளவு சாப்பாடும் சூழலும்?

தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர்க்காரர் நீங்கள், உங்களுக்குச் சொல்வது லேசு. வீ.பி. (விதையில்லாமல் தண்டு வெட்டி நட்ட தேயிலை) மலையில் ஒரு தாய்ச்செடியிலிருந்து வெட்டி நட்டதெல்லாம் ஒரே இலை, ஒரே நிறம். விதைத் தேயிலையில் பக்கத்துப் பக்கத்துச் செடிகளே ஒன்றுபோல் இருக்காது. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர் வீ.பி. மாதிரி, மற்ற இரட்டையர் விதைச்செடி மாதிரி. ஸ்கண்டினேவிய நாடுகளின் இரட்டையரை இப்படி ஒப்பிட்டு 2016இல் வெளியான ஆய்வு, ஆளுக்கு ஆள் வேறுபடும் ஆபத்தில் சுமார் 57 சதவீதம் பரம்பரையால் வருகிறது என்று கண்டது. அதிலும் பெரிய பழுதுகள் சில பேருக்குத்தான். மீதியெல்லாம் சின்னச் சின்ன மாற்றங்கள். 2023 வரை அப்படி 451 அடையாளம் கண்டிருக்கிறார்கள். தனித்தனியே ஒவ்வொன்றும் கொஞ்சம்தான் கூட்டும், பல ஒரே ஆளிடம் சேர்ந்தால் கணிசமாகும்.

மாத்தளை: மாமன் மகளைக் கட்டியதால் பிள்ளைக்கு வருமா?

இந்த நோய்க்கு அது பெரிய காரணமல்ல. ஒரு பக்கத்திலிருந்து வரும் ஒரு பழுதே ஆபத்தைக் கூட்டப் போதும்.

நுவரெலியா: கனடாவில் அண்ணன் செய்த பரம்பரைப் பரிசோதனையில் 'முக்கியத்துவம் உறுதியாகாத மாற்றம்' என்று வந்திருக்கிறது. பயமாக இருக்கிறது.

அது 'பழுது இருக்கிறது' என்ற பதில் அல்ல. ஒரு மாற்றம் தெரிகிறது, அது கெடுதலா இல்லையா என்று இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான். இதுவரையான ஆய்வுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினரிடம் நடந்தது. அதனால் நம்மவர்களின் அறிக்கைகளில் இந்த வரி அதிகமாக வருகிறது. அதை மட்டும் வைத்துச் சிகிச்சை முடிவு எதுவும் எடுக்க வேண்டாம். ஓரிரு வருடம் கழித்து அதே இடத்தில் மறுபடி கேட்கச் சொல்லுங்கள்.

பதுளை: மாமாவுக்கு எலும்புவரை பரவிவிட்டது. இனி பரம்பரைப் பரிசோதனை எதற்கு?

அவருக்கே உதவலாம். பி.ஆர்.சி.ஏ. பழுது இருப்பவர்களுக்கு ஒலாபரிப் என்ற மருந்து இருக்கிறது, 2020இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கு அனுமதி கிடைத்தது. உடலில் பரவிய நிலையில் உள்ளவர்களில் சுமார் 12 சதவீதத்தினரிடம் டி.என்.ஏ. பழுதுபார்க்கும் பரம்பரையலகுகளில் பிறவிப் பழுது இருந்ததாக 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. அவரிடம் கண்டால் அவருடைய பிள்ளைகளும் நேரத்தோடு பார்த்துக்கொள்ளலாம்.

மஸ்கெலியா: தாத்தா என்ன நோயில் போனார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

லயத்து வீடுகளில் 'இடுப்பு வலியில் படுத்தார், எழும்பவே இல்லை' என்பார்கள். என் தாத்தாவைப் பற்றியும் அதைத்தான் சொன்னார்கள். புரொஸ்டேட் புற்றுநோய் இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும்தான் பெரும்பாலும் பரவும். அதற்காக எல்லா இடுப்பு வலியும் இதுவல்ல. ஆனால் ஒண்ணுக்குப் போவது அடைத்ததா, டியூப் போட்டார்களா, என்ன வயது என்று சேர்த்துக் கேளுங்கள். இ.பி.எஃப். கடதாசியும் பிறப்புப் பத்திரமும் வைக்கும் பிஸ்கட் டின்னைத் திறந்து பாருங்கள், அடியில் பழைய கிளினிக் கொப்பி கிடக்கும். எழுத்து மங்கியிருந்தாலும் பரவாயில்லை, அதை அப்படியே டொக்டரிடம் கொண்டுபோங்கள்.